முதல் அரைமணி நேரம் கிரிக்கெட்

வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வருகிறதென்று பரணைக் காலி செய்தேன். ஒரு பழைய சூட்கேஸைத் திறந்ததும் குப்பென்று ஒரு மணம். மழையில் நனைந்த செருப்பை அலமாரியில் வைத்துப் பூட்டிய மாதிரி. வீடியோ கேசட்டில் பூஞ்சை பிடித்தால் இப்படித்தான் மணக்கும். உள்ளே ஒரே ஒரு கேசட். மேலே ஒட்டிய வெள்ளைத்தாளில் ‘முட்டம் ஸ்டெல்லா’ என்று என் கையெழுத்து.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது. பஸ் வரத் தாமதமானால் அடுத்த நிறுத்தத்துக்கு நடக்க ஆரம்பித்துவிடுவேன். பாதி வழியில் அந்த பஸ் என்னைத் தாண்டிப் போகும். “கால்ல வெந்நிய ஊத்துனமாதிரி நிக்காதிய” என்று என் மனைவி கல்யாணமான முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டாள். அப்படிப்பட்ட நான் அந்தக் காலத்தில் போயும் போயும் எடுத்த தொழிலைப் பாருங்கள்: கல்யாணக் கேசட்டை சிடியில் ஏற்றிக் கொடுப்பது.

நாகர்கோவிலில், வாடகை வீட்டின் முன்னறையில், ஒரு கம்ப்யூட்டர், கேசட் ஓட்டும் ஒரு டெக்கு, இரண்டுக்கும் நடுவே மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வயர். மூன்று மணி நேரக் கேசட் என்றால் மூன்று மணி நேரம் ஓடித்தான் தீரும். குறுக்குவழி கிடையாது. இடையில் மவுஸைத் தொட்டால் போச்சு, படம் முன்னால் போகும், சத்தம் பின்னால் வரும்; ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்கும்போது நாதஸ்வரக்காரர் இன்னும் ஊதவே தொடங்கியிருக்க மாட்டார். எல்லாம் முடிந்து சிடியில் எழுதும்போது தொண்ணூறு சதவீதத்தில் கரண்டு போகும். முன்பின் தெரியாத எத்தனை பேர் பாயசம் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். முதலில் கேசட்டை வேகமாக ஓட்டி, அங்கங்கே நிறுத்தி, உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்துவிடுவது. உருப்படி இல்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுவது.

ஸ்டெல்லாக்கா முட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாள். கேசட்டைச் சேலைத்தலைப்பில் பொதிந்து வைத்திருந்தாள். அவள் கணவர் சூசை வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலைக்குப் போனவர், அங்கேயே நெஞ்சுவலியில் இறந்துவிட்டார். அவருடைய பெட்டியோடு திரும்பி வந்தது அந்தக் கல்யாணக் கேசட். வீட்டில் இருந்த இன்னொன்றைப் பூஞ்சை தின்றுவிட்டது.

“தம்பி, இதுல அவரு பேசுவாரு. போட்டோ கெடக்கு. போட்டோ பேசாதுல்லா?”

கேசட்டைப் போட்டேன். கிரிக்கெட். ஓட்டினேன், கிரிக்கெட். இன்னும் கொஞ்சம் ஓட்டினேன், அப்போதும் வெள்ளைச் சட்டைக்காரன் பந்தைத் துடைத்துக்கொண்டு நின்றான். வாசலில் வேறு இரண்டு பேர் பையோடு காத்திருந்தார்கள். “அக்கா, யாரோ இதுக்கு மேல கிரிக்கெட்ட பிடிச்சிட்டாவ, கல்யாணம் அழிஞ்சுபோச்சு” என்று சொல்லி நிறுத்திவிட்டேன். யாரென்று அவளே முடிவு கட்டினாள். கொழுந்தன் அந்தோணி. பக்கத்து வீடு, அவன் வீட்டில்தான் டெக்கு, அவனுக்குத்தான் கிரிக்கெட் பைத்தியம்.

மறுவாரம் கேசட்டோடு திரும்ப வந்தாள். கண் வீங்கியிருந்தது.

“தம்பி, அந்தோணி சத்தியம் பண்ணுதான். அங்க ஏர்போர்ட்டுல கேசட்ட போட்டுப் பாப்பாவளாம். கோயிலு, சாமியாரு, குருசு எது தெரிஞ்சாலும் பிடுங்கிருவாவளாம். அதுக்காவ காப்பி எடுக்கும்போ அவருதான் முன்னால அரமணிக்கூறு கிரிக்கெட் போடச் சொன்னாராம். நம்ம கடப்புறத்துல எல்லாரும் அப்பிடித்தான் கொண்டு போவாவன்னு சொல்லுதான். நீ கடைசி வரைக்கும் பாத்தியா?”

நான் பூதப்பாண்டிக்காரன். வயல் தெரியும், கடற்கரைச் சமாச்சாரம் தெரியாது. ஆனால் தெரியாததா பிரச்சினை? ‘பாக்கல, இருங்க பாக்கேன்’ என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? டெக்கில் வேறொருவர் கல்யாணம் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினால் முதலிலிருந்து ஏற்ற வேண்டும். “முழுசும் பாத்துட்டேன் அக்கா, ஒண்ணுமில்ல” என்றேன். வாய் கூசவில்லை.

கேசட்டை எடுக்காமலே போய்விட்டாள். கொஞ்ச நாள் கழித்து, முட்டத்திலிருந்து வந்த ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: இரண்டு வீட்டுக்கும் நடுவே வேலியில் ஒரு திறப்பு இருந்ததாம், குழம்புச்சட்டி போக வர. ஸ்டெல்லா அங்கே மதில் கட்டிவிட்டாளாம். அன்று ராத்திரியே அந்தக் கேசட்டைப் போட்டுப் பார்த்திருக்கலாம். பயந்தேன். கல்யாணம் உள்ளே இருந்துவிட்டால்? சூட்கேஸில் போட்டுப் பரணில் ஏற்றினேன். பிறகு அந்தத் தொழிலும் போயிற்று, கம்ப்யூட்டரும் பழைய சாமான் வாங்கும் ஆக்கர்க்கடைக்குப் போயிற்று.

இப்போது, இருபது வருஷம் கழித்து, பரணில் மிஞ்சிக் கிடந்த டெக்கையும் கேசட்டின் பூஞ்சையையும் துடைத்து டிவியில் மாட்டினேன். ஓடியது, ஆனால் வேகமாக ஓட்டும் பொத்தான் வேலை செய்யவில்லை. நல்லா வேணும் எனக்கு. உட்கார்ந்தேன். எழுந்தேன். தண்ணீர் குடித்தேன். மறுபடி உட்கார்ந்தேன். ஒரு ஆட்டக்காரர் மட்டையை ஓங்கினார். பந்து எங்கே போனதென்று தெரியாது. திரை ஒரு முறை வெட்டியது. கோயில் மணி.

மகளுடைய லேப்டாப்பில் அதை ஏற்றினேன். அதில் சிடி போட இடமே இல்லை. லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு முட்டத்துக்கு பஸ் ஏறினேன்.

ஸ்டெல்லாக்காவுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னை அடையாளம் தெரியவில்லை. சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டாள். திரையில் மாலையோடு சூசை. அவருக்கு எதிரே, கேமராக்காரரின் விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி, கோட்டு போட்ட அந்தோணி. சூசை வாய் திறந்தார்.

“ஏலே அந்தோணி, லைட்ட தாத்திப் பிடி மக்கா, கண்ணு கூசுதுல்லா!”

“திருப்பிப் போடு” என்றாள். போட்டேன். மூன்று தடவை. பிறகு திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

“நீ கடைசி வரைக்கும் பாத்தேன்னுல்லா சொன்ன?”

“பொய் சொன்னேன் அக்கா.”

திட்டுவாள், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன்.

“அந்தோணி போன தவக்காலத்துல செத்துப்போனான். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒப்பாரி கேட்டுது. நான் கதவ அடச்சிட்டு இருந்தேன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “அவனுக்க பெண்டாட்டி வீட்டுலதான் இருக்கா. இத அவளுக்குக் கொண்டு காட்டு. நீயே காட்டு, நீயே சொல்லு. நான் பின்னால வாறேன்.”

வேலித் திறப்பு இருந்திருந்தால் பத்தடி. இப்போது தெருவுக்கு இறங்கி, மதிலைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தேன். இந்த வழி சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்றிருந்தது.