வெளுத்துப்போன பாதி முகம்

ஸ்டுடியோவில் அவளை ‘டச்சப் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஃபிளாஷ் வெளிச்சம் விழுந்து வெளுத்துப்போன பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சரிசெய்வது அவள் வேலை. வெறும் சாம்பல் நிறத்தைப் பூசினால் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிடும். வேறொரு படத்திலிருந்து கன்னத்தையோ நெற்றியையோ எடுத்துப் பொருத்தி, மேலே பழைய பிலிமின் மணல்மணலான புள்ளிகளைத் தூவவேண்டும்.

அம்மா இறந்த வாரமே அண்ணன் ஒரு படத்தோடு ஸ்டுடியோவுக்கு வந்தான். அவன் கல்யாணத்தில் எடுத்தது. அம்மாவின் வலது பக்க முகம் வெள்ளைக் காகிதமாக இருந்தது.

“ஹால்ல பெரிசா மாட்டணும். சரிபண்ணிக் குடு.”

“வேற படம் இல்லையாண்ணா?”

“உன்கூடதானே இருந்தாங்க? என்னைக் கேக்குறே.”

சுருக்கென்றது. கை கால் விழுந்து, வாய் கோணி, அம்மா வருஷக்கணக்கில் அவள் வீட்டுக் கட்டிலில்தான் கிடந்தாள். ஊட்டியதும் கழுவியதும் அவள். அண்ணன் அவ்வப்போது வந்து எட்டிப்பார்த்ததோடு சரி. அந்தக் கோலத்தில் அம்மாவைப் படமெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

நன்றாக இருக்கும் பக்கத்தைத் திருப்பி ஒட்டலாமென்றால், அம்மா தலையைச் சாய்த்திருந்ததால் பொருந்தவில்லை. கடைசியில் ஜன்னலோரம் உட்கார்ந்து தன்னையே படமெடுத்துக்கொண்டாள். அவளுக்கு அம்மா ஜாடை. தன் கன்னத்தை அங்கே வைத்து, வயசைக் கூட்டி, ஓரங்களைக் கரைத்ததும் அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

பார்க்க அண்ணியும் வந்திருந்தாள். “என்னங்க, அத்தை மாதிரியா இருக்கு? உங்க தங்கச்சி மாதிரியில்ல இருக்கு.”

அண்ணன் உற்றுப்பார்த்தான். “ஆமா. நீயே வந்து உக்காந்துட்டியா? என் முகத்தை எடுத்துப் போடு. நான்தான் அம்மா ஜாடை.”

“யாரு சொன்னா?”

“எல்லாரும்தான் சொல்றாங்க.”

பக்கத்தில் நின்ற முதலாளி, “கேக்குற மாதிரி செஞ்சு குடும்மா” என்றார்.

“சரி” என்றாள். “மீசையை எடுத்துடட்டுமா, அதுவும் இருக்கட்டுமா?”

அண்ணி சிரித்துவிட்டாள். அண்ணன் சிரிக்கவில்லை.

அண்ணனின் கன்னத்தை வைத்துச் செய்த படம் அவன் வீட்டு ஹாலுக்குப் போனது. உறவுக்காரர்கள் வந்த அன்றைக்கு அவள் எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். சித்தி படத்தையும் அண்ணனையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“அம்மாவை அப்படியே உரிச்சு வெச்சிருக்கான். இத்தனை நாளா எனக்குத் தோணவே இல்லையே.” பிறகு இவள் பக்கம் திரும்பினாள். “நீ உங்கப்பா ஜாடைடி.”

“ஆமா சித்தி” என்று டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்கப்புறம் அந்த வீட்டுப் படியை அவள் மிதிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் கட்டிலைப் பிரித்துப்போட்டாள். அப்போது அம்மா முகத்தை நினைத்துப் பார்த்தால், ஹாலில் தொங்கிய முகம்தான் வந்தது. தினமும் துடைத்துவிட்ட அந்தக் கோணல் வாயையாவது கண்முன் கொண்டுவரப் பார்த்தாள். வரவில்லை.

மறுநாள் ஸ்டுடியோவில், அண்ணன் வேண்டாமென்ற படத்தைத் தேடித் திறந்தாள். அதில் அவள்தான் இருந்தாள், கொஞ்சம் வயசாகி.