மேசையின் இடது மூலையில் ஒரு டின்

என் மகள் வீட்டில் வாய் மூடமாட்டாள். பள்ளிக்கூடத்தில் வாய் திறக்கமாட்டாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. பெற்றோர் கூட்டத்தில் அவளுடைய ஆசிரியை, "கெட்டிக்காரி. ஆனால் ஒரு நாளும் கை உயர்த்துவதில்லை. பிழையாகச் சொல்லிவிடுவோமோ என்று பயப்படுகிறாள் போலிருக்கிறது" என்று சொன்னபோது, வேறு யாருடைய பிள்ளையைப் பற்றியோ சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். வீட்டில் என்னோடு வாய்க்கு வாய் காட்டுகிறவளா இவள்? அன்றிலிருந்து எனக்கு அதே யோசனை.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. நாங்கள் லண்டனில் மிச்சம் (Mitcham) என்ற பகுதியில் இருந்தோம். வகுப்பில் புதிதாக ஒரு பாடம் தொடங்கியிருந்தார்கள்: கடையில் வாங்கும் சாப்பாடு காலத்தோடு எப்படி மாறியது என்று. ஜன்னலோரமாக ஒரு நீள மேசை. அதன் இடது மூலை பழைய காலம், வலது மூலை இந்தக் காலம். பிள்ளைகள் வீட்டிலிருந்து ஏதாவது கொண்டுபோய் அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும்.

"அம்மா, எங்கட வீட்டில பழைய சாப்பாடு என்ன இருக்கு?"

"நேற்றையான் சோறு இருக்கு. கொண்டு போறியோ?"

அவள் சிரிக்கவில்லை. நான் செத்தல் மிளகாய் போட்டு வைத்திருந்த டின்னைக் காட்டினாள். பாதி கிழிந்த லேபலில் முருங்கைக்காய்ப் படம். லண்டனுக்கு வந்த முதல் வருடம் வாங்கியது. அந்த நாளில் நாங்கள் இருந்த பக்கத்தில் முருங்கைக்காய் என்றால் அதுதான். உப்புத் தண்ணீரில் ஊறி, நிறம் செத்து, துண்டு துண்டாகக் கிடக்கும். அதற்கே நாங்கள் அடிபட்டு வாங்கினோம். சில வருடம் கழித்து, வெட்டி உறையவைத்த ஃப்ரீசர் பக்கெற் வந்தது. இப்போது பச்சைக்காயே, நீட்டு நீட்டாக, பிளேனில் வந்து இறங்குகிறது. இதையெல்லாம் சொல்லச் சொல்ல அவளுடைய கண் விரிந்தது. டின்னையும் ஒரு பச்சைக்காயையும் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

பின்னேரம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"நான் பழைய பக்கம் வச்ச டின்னை மிஸ் தூக்கி நடுவில வச்சிட்டா. முதல்ல எல்லாம் ஃப்ரெஷ்ஷாத்தான் இருந்ததாம். பிறகுதானாம் டின், அதுக்குப் பிறகு ஃப்ரீசர்."

"நீ என்ன சொன்னனீ?"

"ஒண்டும் சொல்லேல்லை." கொஞ்ச நேரம் சப்பாத்தைக் கழற்றாமல் நின்றாள். "அம்மா, நீங்கள் சொன்னது உண்மைதானே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னையே சந்தேகப்படுகிறாளே! ஆனால் கோபம் ஆறிய பிறகு யோசித்துப் பார்த்தால், ஆசிரியை சொன்னதும் பிழையில்லை. அவருடைய கரட்டுக்கும் பட்டாணிக்கும் அந்த வரிசை சரிதான். எங்கள் வீட்டில் மட்டும் ஏன் தலைகீழாக நடந்தது? இத்தனை வருடம் சமைத்தும் ஒரு நாளும் எனக்கு இந்தக் கேள்வி வரவில்லையே! அடுத்த நாள் அவளையும் இழுத்துக்கொண்டு வழமையாகச் சாமான் வாங்கும் தமிழ்க்கடைக்குப் போனேன்.

"அண்ணை, முருங்கைக்காய் முதல்ல டின்னிலதானே வந்தது? இல்லாட்டி எனக்கு மண்டை பிழைச்சுப் போச்சோ?"

கடைக்காரர் சிரித்தார். "டின்தான் தங்கச்சி. பச்சைக்காய்ப் பெட்டி முதல் வந்த அண்டைக்கு எனக்குக் கடைக்குள்ள நிக்க ஏலாமப் போச்சு. பெட்டியைத் திறக்க முதலே சனம் கையை விட்டிட்டுது. பலாக்காயும் உந்தக் கதைதான்."

மகள் என் பின்னாலிருந்து தலையை நீட்டினாள். "மாமா, ஏன் முதலே ஃப்ரெஷ்ஷாக் கொண்டு வரேல்லை?"

"ஆருக்குப் பிள்ளை கொண்டு வாறது? அப்ப இந்தப் பக்கம் எங்கட சனம் ஒரு கைப்பிடிதானே. அழுகிப் போயிடும்."

வீடு வரும் வரைக்கும் அவள் டின், ஃப்ரீசர், பச்சைக்காய் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மேசையைப் பார்க்கப் பெற்றோரை வரச் சொல்லியிருந்தார்கள். நான் ஆதாரமாக ஒரு ஃப்ரீசர் பக்கெற்றையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். வகுப்பு வாசலிலேயே மகள் என்னை மறித்தாள்.

"அம்மா, நீங்கள் ஒண்டும் கதைக்கக் கூடாது."

"ஓம், ஓம். நான் வாயே திறக்கமாட்டன்."

சொல்லிவிட்டேனே தவிர, நாக்கு துடித்தது. ஆசிரியை மேசையைக் காட்டி விளக்கத் தொடங்கினார். இடது பக்கம் சாக்குகளில் மரக்கறி குவித்திருந்த பழைய கடையின் படம், நடுவில் டின்கள், அதற்கப்பால் ஃப்ரீசர் பெட்டிகள். டின்களுக்குள்ளே என் மிளகாய் டின்னும் நின்றது. என் பையிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது என் பிள்ளை நடந்து போனாள். அந்த டின்னைத் தூக்கினாள். கொண்டுபோய் இடது மூலையில், அந்தப் படத்துக்கும் முன்னால் வைத்தாள். வகுப்பு முழுக்க அவளைப் பார்த்தது. அவளுடைய காது சிவந்துவிட்டது.

"ஏன் அங்கே?" என்று ஆசிரியை மெதுவாகக் கேட்டார். "டின்னுக்கு முதல் கடையில் என்ன இருந்தது?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஆங்கிலத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "ஒன்றும் இருக்கவில்லை, மிஸ். முதலில் என்னுடைய அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். பிறகு எங்கள் ஆட்கள் நிறையப் பேர் வந்தார்கள். அதற்குப் பிறகுதான் பச்சை முருங்கைக்காய் வந்தது."

ஆசிரியை குனிந்து டின்னின் லேபலைப் பார்த்தார். பிறகு, வலது மூலையில் கிடந்த பச்சைக்காயைக் காட்டி, "அப்படியென்றால் இரண்டுக்கும் நடுவில் என்ன?" என்று கேட்டார். அவருக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது.

மகள் என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். நான் பக்கெற்றை எடுத்துக் கொடுத்தேன். வாய் திறக்கவில்லை. அவள் அதைத் தன் சட்டையில் துடைத்து, மேசையின் நடுவில் வைத்தாள்.