வேனில் விரித்து வைத்த படுக்கை

போன வருஷம் மழைக்காலம் தொடங்கிய சமயம். பள்ளிக்கூடத்துச் சறுக்கு மரத்திலிருந்து விழுந்து என் நாலு வயது மகளுக்குக் கை முறிந்துவிட்டது. என் கணவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார். அதனால் நானும் என் தம்பியும்தான் அவளைக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முழங்கைக்கு மேல்வரை மாவுக்கட்டுப் போட்டு, இரண்டு நாள் வைத்திருந்து, மூன்றாம் நாள் மதியம் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

எங்கள் ஊர் புதூர் பக்கம். தம்பியிடம் ஒரு பழைய ஆம்னி வேன் உண்டு. பின் சீட்டில் பெல்ட் கிடையாது. அவன் வாங்கும்போதே இல்லை, நாங்களும் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை. பிள்ளைக்குக் கை வலிக்கக் கூடாதென்று தம்பி பின் சீட்டில் பாய் விரித்து, இரண்டு தலையணை போட்டு, படுக்கையே தயார் செய்து வைத்திருந்தான். பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில், பக்கத்துக் காரில் மருந்துப் பையை வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களையே பார்த்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது கூடுதலாக இருக்கும். வார்டில் எதிர்க் கட்டிலில் இருந்த தன் மாமியாரைப் பார்க்க வருவார். என் மகளுக்கு ஒருநாள் ஆரஞ்சு உரித்துக் கொடுத்திருக்கிறார்.

"பின்னால பெல்ட் இல்லையாம்மா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. படுக்க வச்சு நான் பிடிச்சுக்கிடுதேன். தம்பி மெதுவாத்தான் ஓட்டுவான்."

"நாம மெதுவாப் போவோம். குறுக்க வாரது மெதுவாவா வருது? திடீர்னு பிரேக் போட்டா நம்ம பிடி நிக்காதும்மா. பாவம், ஒரு கையால அவ எதைப் பிடிப்பா?"

நான் மகளின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தேன். அவர் தன் காரின் பின் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே குழந்தைகள் உட்காருவதற்கான தனிச் சீட்டு ஒன்று கார் பெல்ட்டோடு இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. "எம் மவனோடது. அவன் அவிய அத்தை வீட்டுக்குப் போயிருக்கான். நான் குளத்தூர் போறேன். உங்களை ஊர்ல எறக்கி விட்டுட்டுப் போறேன், ஏறுங்க."

குளத்தூருக்குப் போகிறவர் புதூர் பக்கம் வருவது நல்ல சுற்று. அதுவுமில்லாமல், பேர்கூடத் தெரியாதவர் காரில் பிள்ளையோடு எப்படி ஏறுவது? தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"நான் ஓட்டினா பிள்ளைக்கு ஆவாதாக்கா?" என்று என்னிடம் மெல்லக் கேட்டான்.

அது அந்தப் பெண் காதிலும் விழுந்துவிட்டது. "உங்க ஓட்டத்தைச் சொல்லல தம்பி. நானும் பெல்ட் இல்லாத வண்டியில எம் மவனை ஏத்த மாட்டேன். நீங்க பின்னாலேயே வாங்க. ஒங்க கண்ணு முன்னாலதான போவோம்."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே என் மகள் அந்தச் சீட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "அம்மா, நான் இதுலதான் வருவேன்" என்றாள். தம்பி அவளைத் தூக்கி அதில் உட்கார வைத்தான்.

அந்தப் பெண் ஒரு துண்டை மடித்துக் கட்டுக் கைக்குக் கீழே வைத்து, வலிக்குதா வலிக்குதா என்று கேட்டுக் கேட்டு அந்தச் சீட்டின் வாரை மாட்டினார். பக்கத்தில் உட்கார்ந்த என்னையும் பெல்ட் போட வைத்த பிறகுதான் வண்டியை எடுத்தார். எனக்குப் பெல்ட் போட்டுப் பழக்கமில்லை. பிள்ளையை மடியில் வைக்காமல் வருவது வேறு மனசுக்கு என்னவோ போலிருந்தது.

எட்டயபுரம் தாண்டினோம். இரண்டு பக்கமும் மழை குடித்த கரிசல், முழங்கால் உயர மக்காச்சோளம். மகள் பாதித் தூக்கத்தில் இருந்தாள். சாலையோரம் ஒரு லாரி நின்றது. அதற்கு முன்னாலிருந்து திடீரென்று ஆட்டு மந்தை ரோட்டில் இறங்கியது.

அவர் பிரேக்கை மிதித்தார். பெல்ட் என் நெஞ்சைப் பிடித்து இழுத்தது. மடியிலிருந்த பை பறந்துபோய் முன்னால் விழுந்தது. நான் மகளைப் பிடிக்கக் கையை நீட்டினேன். என் கை அவளிடம் போய்ச் சேருவதற்குள் கார் நின்றே விட்டது. அவள் சீட்டிலேயே இருந்தாள். வார் அவளைப் பிடித்திருந்தது. கண்ணை விழித்து, "ஆடு" என்றாள்.

எங்களுக்குப் பின்னால் தம்பியும் கிறீச்சென்று நிறுத்தியிருந்தான். ஒரு ஆட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தம்பி வேனை விட்டு இறங்கவில்லை. என்ன ஆச்சோ என்று நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். பின் சீட்டில் பிள்ளைக்காக விரித்த பாய் கீழே சுருண்டு கிடந்தது. தலையணை ஒன்று அவன் காலடியில். இன்னொன்று முன் கண்ணாடியில் மோதி நின்றது. சாப்பாட்டுத் தூக்குச் சட்டி நெளிந்துபோய், ரசம் வேன் முழுக்கத் தெறித்திருந்தது.

அவன் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி அந்தத் தலையணையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இறங்கி, அந்தக் காரின் பின் கதவைத் திறந்து, மகளின் பாதத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான்.

"ஏட்டி, வலிக்குதாட்டி?"

"இல்ல மாமா. நீ ஏன் அழுத?"

அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் பாட்டிலைத் தேடி எடுத்து அவனிடம் நீட்டினார். நான் சொன்னேன்ல என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு, மகளின் கன்னத்தைத் தட்டிவிட்டுக் கிளம்பிப் போனார். இருந்த பதற்றத்தில் பேரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

அடுத்த வாரமே தம்பி கோவில்பட்டிக்கு வேனைக் கொண்டுபோய்ப் பின் சீட்டுக்குப் பெல்ட் மாட்டிக்கொண்டு வந்தான். பிள்ளைக்கென்று ஒரு சீட்டும் வாங்கினான். அதில் அவளை உட்கார வைப்பதற்கு முன் அரிசி மூட்டையைக் கட்டி வைத்து, இழுத்து இழுத்துப் பார்த்தான். இப்போது ஊரில் யார் பிள்ளையை ஏற்றினாலும் வார் மாட்டாமல் சாவியைத் திருக மாட்டான். "ஒரு எட்டு போறதுக்கு இதெல்லாமா?" என்று யாராவது சிரித்தால், அவனும் சிரித்துக்கொண்டே காத்திருப்பான்.

பிள்ளையை மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தால் அதைவிடப் பாதுகாப்பு வேறில்லை என்றுதான் நான் நம்பியிருந்தேன்; இன்றும் அவளுக்கு வாரை மாட்டிவிட்டுக் கையை எடுக்கும்போதெல்லாம், எங்களுக்காக அத்தனை தூரம் சுற்றிப் போன அந்தப் பெண்ணின் முகம்தான் நினைவுக்கு வருகிறது.