மூன்றாவது ஆள் உட்கார முடியாத கார்

எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. ஆனாலும் இரண்டாயிரங்களின் நடுவில், ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த எஞ்சின் பொருந்தும் என்று எங்கள் விருத்தாசலத்தில் நடந்த விவாதங்களை என்னைப் போல் காது கொடுத்துக் கேட்டவர்கள் யாரும் இருக்க முடியாது. அந்தக் காரில் இரண்டே இரண்டு சீட்டுகள். எனக்கு அது போதும்.

அதற்கு முன்பும் எங்கள் வீட்டில் ஒரு கார் இருந்தது. டீசல் அம்பாசடர். அதில் நானும் என் கணவரும் மட்டும் எங்காவது போய்வந்ததாக நினைவில்லை. டாக்டரிடம் போனால் மாமியார் முன்சீட்டில் இருப்பார். சினிமாவுக்குப் போனால் நாத்தனார் பிள்ளைகள் என் மடியில் இருப்பார்கள். கல்யாணமான புதிதில் பாண்டிச்சேரிக்குக் கடல் பார்க்கப் போனோம். வண்டியில் ஏழு பேர். கடற்கரையில் எல்லோருக்கும் சுண்டல் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கணவர் என்னைப் பார்த்து ஒரு தடவை சிரித்தார். எங்கள் தேனிலவு அவ்வளவுதான். மாமியாரைக் குறை சொல்லவில்லை. வண்டியில் இடம் இருக்கும்போது ஆளை விட்டுவிட்டுப் போவது அவருக்குப் பாவமாகத் தெரியும்.

கணவர் செராமிக் யூனிட் வைத்திருந்தார். மீட்டர் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளை ஃப்யூஸ் கட்டைகள்தான் எங்கள் சரக்கு. ஏற்காடு பக்கம் ஒரு எஸ்டேட் பங்களா கைமாறியபோது, அங்கே கொட்டகையில் கிடந்த சிவப்புக் காரைப் பார்த்து மயங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வெள்ளைக்காரன் ஊர் வண்டி. கூரை கிடையாது, உட்கார்ந்தால் தரை கைக்கு எட்டும். எஞ்சினின் இரும்பு உடம்பே விரிசல் விட்டிருந்ததால் வேறு எஞ்சின்தான் வைக்க வேண்டும் என்றார்கள்.

மாமியார் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"எத்தினி பேரு போலாம்?"

"ரெண்டு பேரும்மா."

"அப்ப இது காரு இல்ல. மொபெட்டு."

அவர் உள்ளே போனதும் கணவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "எஞ்சின் மட்டும் வரட்டும். மொத ரவுண்டு நீயும் நானும். பாண்டிச்சேரி." அந்த நிமிஷமே நான் அந்தக் காருக்கு அடிமையாகிவிட்டேன்.

கார் யூனிட் கொட்டகையில், காயவைத்த கட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றது. களிமண் தூசி படிந்து சிவப்புக் கார் வெள்ளைக் கார் ஆனது. ஈரத்துணியால் துடைத்தால் தூசி குழம்பாகி மேலே இன்னொரு பூச்சாக உட்காரும். அப்படியே சூளையில் வைத்தால் பளபளவென்று வந்துவிடும் என்று வேலைக்கு வந்த பெண்கள் கேலி பேசினார்கள். நான் அவ்வப்போது போய் இடதுபக்கச் சீட்டை மட்டும் துடைத்துவிட்டு வருவேன்.

மெக்கானிக் மங்கலம்பேட்டைக்காரர், துபாயில் வேலை பார்த்துத் திரும்பியவர். ஊரில் எல்லோருக்கும் பாய். "அண்ணே, இது பறக்குற வண்டி. முன்னாடி வெயிட்டு ஏறவே கூடாது. சின்னதா ஒரு ஜப்பான் பெட்ரோல் எஞ்சின் மெட்ராஸ்ல இருக்குது. சொல்லுங்க, தூக்கியாந்துர்றேன்" என்றார். அத்தோடு நிறுத்த மாட்டார். "அங்க ஷேக்கு ஒருத்தரு" என்று ஆரம்பித்தால் நான் கொடுத்த டீ ஆறி ஆடை கட்டிவிடும். இருந்தாலும் என் ஓட்டு பாய்க்குத்தான். எஞ்சின் தயாராக இருக்கிறது என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

பெண்ணாடத்திலிருந்து சின்ன மாமனார் வந்தார். கரும்பு விவசாயி. உலகத்தில் எதையும் கரும்பு லோடு கணக்கில்தான் பார்ப்பார்.

"பெட்ரோலா? வூட்ட வித்துதான் ஓட்டணும். டீசல் போடுப்பா. இழுவ இருக்கும்."

இரண்டு பேர் போகிற வண்டி எதை இழுக்க வேண்டும் என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. மருமகள் கேட்கிற கேள்வியா அது? காபி கொண்டுவந்து வைத்தேன்.

பிறகு ஊரே கிளம்பியது. டீக்கடைக்காரர், பாங்க் கேஷியர், பழமலைநாதர் கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்கிறவர், எல்லோரிடமும் ஓர் எஞ்சின் இருந்தது. மைலேஜ் எவ்வளவு கொடுக்கும் என்று கேட்காதவர் இல்லை. என் கணவரோ யார் எது சொன்னாலும் "அதுவும் சரிதான்" என்று தலையாட்டுகிற மனிதர். இரண்டு மழைக்காலம் போய்விட்டது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஓர் எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்க இந்த ஊர் இவ்வளவு யோசித்ததில்லை.

கடைசியில் மாமியார்தான் முடிவு செய்தார். அம்பாசடரின் உடம்பு துருவேறிக் கதவு கையோடு வந்துகொண்டிருந்தது. "எஞ்சினு நல்லாத்தான இருக்குது? அத எடுத்து இதுல வெச்சுக்க. ராசியான எஞ்சினு. அது வந்தப்புறம்தான் யூனிட்டே ஓடுச்சு."

அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போடுவது போல. டீசல் என்பதால் சின்ன மாமனாருக்குத் திருப்தி. ராசி என்பதால் மாமியாருக்குத் திருப்தி. அதுவும் சரிதான் என்றார் கணவர். பாய் மட்டும் தலையில் கைவைத்துக்கொண்டார். "மான்குட்டிக்கு எருமையோட நெஞ்ச வெக்கச் சொல்றீங்களே அண்ணே." சொன்னாரே தவிர, வைத்தார். பானெட் மூட மறுத்தது. அதில் ஓட்டை போட்டு, தகரத்தை வளைத்து, குண்டான் கவிழ்த்த மாதிரி ஒரு மேடு கட்டினார். வண்டியின் மூக்கு தரையைப் பார்த்துக் குனிந்தது. என்னை ஏழு பேரோடு பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போன அதே எஞ்சின், கார் விட்டுக் கார் தாவி என்னைத் துரத்தி வந்திருந்தது.

போகட்டும், எஞ்சின் என்று ஒன்று வந்துவிட்டதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்போது மாமியார் சொன்னார், "வர்ற ஞாயித்துக்கிழம கொலதெய்வத்துக்குப் போயிட்டு வந்துடுவோம்."

புது வண்டி முதலில் குலதெய்வத்துக்குத்தான் போக வேண்டும். இதில் எங்கள் பக்கத்தில் இரண்டாவது பேச்சு கிடையாது. பெரியவர்கள் முன்சீட்டில் உட்கார வேண்டும், அதிலும் கிடையாது. அந்தக் காரில் முன்சீட்டைத் தவிர வேறு சீட்டும் கிடையாது. கணவர் என் முகத்தைப் பார்க்காமல் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்.

அவர்கள் புகை கிளப்பிக்கொண்டு புறப்பட்டார்கள். நான் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, எங்கள் பிள்ளைகளையும் பொங்கல் பானையையும் தூக்கிக்கொண்டு பெண்ணாடம் பஸ் ஏறினேன். வழியில் எங்கள் பஸ் அந்த ஸ்போர்ட்ஸ் காரை முந்தியது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாமியார் ஒரு கையால் காரின் முன்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

வெள்ளாற்றங்கரைக் கோயிலில் நாங்கள் அடுப்பு மூட்டிய பிறகுதான் கார் வந்தது. மாமியார் இறங்கி, சற்று நேரம் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பல்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"பல்லு ஆடுது, கொடலு ஆடுது. காதுக்குள்ள மில்லு ஓடுது. நான் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு பஸ்ஸுல போறேன். நீ அதுல ஏறிக்க" என்றார் என்னிடம். தண்டனை கொடுக்கிற குரல்தான். நான் முகத்தை முடிந்தவரை சோகமாக வைத்துக்கொண்டேன்.

பொங்கல் முடிந்து, அவர்களை பஸ் ஏற்றிவிட்டு, நான் துடைத்துத் துடைத்து வைத்திருந்த சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியது. அவரிடம் தனியாகச் சொல்ல வேண்டியவை எத்தனையோ வருஷமாகச் சேர்ந்திருந்தன. எஞ்சின் போட்ட சத்தத்தில் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவர் வாய் அசைந்தது, நான் தலையாட்டினேன். நான் கத்தினேன், அவர் தலையாட்டினார். தாலி முதல் தாடை வரை எல்லாம் குலுங்கின. அப்போது நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அவர் எஞ்சினை நிறுத்தினார். அந்த அமைதியில் காது ஙொய் என்றது. பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் எட்டிப் பார்த்து, மைலேஜ் எவ்வளவு என்று கேட்டார். பதில் சொல்லிவிட்டுக் கணவர் என் பக்கம் திரும்பினார்.

"தப்பு பண்ணிட்டேன். பாய் சொன்ன பெட்ரோல் எஞ்சினையே வெச்சிடறேன். சத்தமே இருக்காது. அப்புறம் போலாம் பாண்டிச்சேரி."

"வேணாங்க. இதுவே இருக்கட்டும்."

"காது போயிடும் ஒனக்கு."

"போனா போவுது. சத்தம் இல்லன்னா அத்தை வந்து ஒக்காந்துக்குவாங்க."

அவர் என்னையே பார்த்தார். ரயில் போனது, கேட் திறந்தது. வண்டியை ஸ்டார்ட் செய்தார். விருத்தாசலம் வந்தது. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய முனையில் வண்டி திரும்பவில்லை. பாண்டிச்சேரிக்குப் போகும் கடலூர் ரோட்டில் நேராகப் போனது. வீட்டுச் சாவி என் இடுப்பில் இருக்கிறது என்று கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை நான் கத்தவில்லை.