நினைவு மலரில் என்ரை தொழில்

நான் பேஸ் கிற்றார் அடிக்கிறவள். பாட்டும் எழுதுறவள். மொன்றியலில ஒரு இங்கிலிஸ் றொக் பாண்டில இருபத்திநாலு வருசமா இதுதான் என்ரை தொழில். இதில ஒளிக்க என்ன கிடக்கு எண்டு எனக்கு இண்டு வரைக்கும் விளங்கேல்லை. ஆனா இந்த ரெண்டு வசனத்தையும் அப்பான்ரை நினைவு மலரில அச்சடிக்க வைக்க நான் என்ரை சொந்த வீட்டோட பட்டது, நாய் படாத பாடு.

அப்பா செத்து ரெண்டு கிழமையால, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிஞ்சு வந்து பியர்பொன்ட்ஸில அண்ணை வீட்டுக் குசினி மேசையில இருந்தம். அம்மா, அண்ணை, நான், மூண்டு பேரும்தான். அண்ணி டியூட்டிக்குப் போயிட்டா. முப்பத்தோராம் நாள் பூசைக்கு வாற ஆக்களுக்குக் குடுக்க ஒரு நினைவு மலர் அடிக்கவேணும். எங்கடை ஆக்களின்ரை வழக்கம் அது. முன்னட்டையில செத்தவரின்ரை படம், உள்ளுக்கு வாழ்க்கை வரலாறு, பிள்ளையள் எத்தினை பேர், ஆர் என்ன உத்தியோகம், கடைசிப் பக்கத்தில ஒரு கண்ணீர்ப் பாட்டு. சனம் படத்தைப் பாத்து "பாவம், நல்ல மனிசன்" எண்டு சொல்லிப்போட்டு நேரா உத்தியோகப் பக்கத்துக்குத்தான் போகும்.

அண்ணை லப்டொப்பில அடிச்சு வைச்சிருந்ததை வாசிச்சார். "மூத்த மகன் பொறியியலாளர். மருமகள் மருத்துவத் தாதி." பேந்து என்ரை முறை வந்தது. "இளைய மகள் தனியார் நிறுவனமொன்றில் பணிபுரிகிறார்."

"எந்த நிறுவனம்?" எண்டு கேட்டன்.

"சும்மா ஒரு பேச்சுக்குத்தானே."

"கிழமையில மூண்டு விடியக்காலமை ஜான்-டலோன் சந்தையில மரக்கறி அடுக்கிறன். அந்தக் கடைக்காரக் கிழவன் தன்னை நிறுவனம் எண்டு கேள்விப்பட்டால் சிரிச்சே செத்துப் போவான். அதைப் போடவேண்டாம், அண்ணை. பேஸ் கிற்றார் கலைஞர், பாடலாசிரியர் எண்டு போடுங்கோ."

அண்ணை கண்ணாடியைக் கழட்டி மேசையில வைச்சார். கோவம் வந்தால் அவர் செய்யிற முதல் வேலை அது. "உனக்கென்ன விசரே? சுவாமியார் வாறார். ரொறொன்ரோவில இருந்து அப்பான்ரை ஆக்கள் முழுக்க வருகினம். பாண்டில கிற்றார் அடிக்கிறாள் எண்டு போட்டால் அவை என்ன நினைப்பினம்?"

"நான் பாண்டில கிற்றார் அடிக்கிறன் எண்டு நினைப்பினம்."

"உன்னோட கதைக்கேலாது. சரி, 'இசைத்துறையில் உள்ளார்' எண்டு போடுறன். காணுமோ?"

"காணாது. அப்பிடிப் போட்டால் நான் வீட்டில இருந்து வீணை படிப்பிக்கிறன் எண்டு நினைப்பினம். பூசை முடியிற நேரம் ரெண்டு பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வந்து, மாசம் எவ்வளவு எண்டும் கேப்பினம்."

அம்மா தன்ரை பாட்டில வெங்காயம் உரிச்சுக்கொண்டிருந்தா. அவவுக்கு இந்தச் சண்டை புதிசில்லை. இருபத்திநாலு வருசமாக் கோயிலடியில ஆர் கேட்டாலும் "மகள் ஒபிஸில" எண்டுதான் சொல்லுறவா. ஒருக்கா அவவின்ரை கூட்டாளி ஒரு ஆள் சந்தையில என்னைக் கத்தரிக்காய்ப் பெட்டியோட கண்டிட்டு, "இண்டைக்கு ஒபிஸ் இல்லையோ பிள்ளை?" எண்டு கேட்டா. "இதுதான் ஒபிஸ்" எண்டு சொல்லி ஒரு கிலோ நிறுத்துக் குடுத்தன். அண்டு பின்னேரம் அம்மா ரெலிபோனில அழுதா. நானும் விட்டுக்குடுக்கேல்லை.

பேஸ் என்ரை கைக்கு வந்ததும் கோயிலாலதான். பதினாலு வயதில பாடகர் குழுவில சேர்ந்தன். கீபோட் தலைவரின்ரை மகளுக்கு. கிற்றார் பெடியளுக்கு. கோயில் நிலவறையில, உடைஞ்ச கதிரையளுக்குப் பின்னால, ஒரு பழைய பேஸ் கிற்றார் கிடந்தது. ஒருத்தருக்கும் அது வேண்டாம், ஏனெண்டால் அதில தனிய ஒரு மெட்டும் வராது. நாலு தடிச்ச கம்பி, அடிச்சால் நெஞ்சுக்குள்ள தான் கேக்கும். நான் கேட்டன், தந்தினம். பேஸ் எண்டது உப்பு மாதிரி. கறிக்குள்ள இருந்தால் ஒருத்தரும் அதைப்பற்றிக் கதைக்க மாட்டினம். இல்லாட்டி சட்டியோட திரும்பி வரும்.

பேந்து கல்லூரியில ஒரு ட்ரம்ஸ் அடிக்கிற பெட்டையும் ஒரு பாட்டுக்காரனும் கிடைச்சினம். மூண்டு பேரும் சேர்ந்து பாண்ட் தொடங்கினம். முதல் பத்து வருசம் ஒரு பழைய வான் வண்டிக்குள்ளதான் போச்சுது. தையில, உறைபனியில, கை விறைக்க விறைக்கப் பெட்டியளைத் தூக்கி ஏத்தி, ஐஞ்சு மணித்தியாலம் ஓடி, நாப்பது பேருக்கு முன்னால வாசிச்சுப்போட்டுத் திரும்பி வருவம். மேடைக்குப் போற ஒவ்வொரு இடத்திலயும் சவுண்ட்காரன் முதல்ல என்னட்டைக் கேக்கிறது, "நீ பாட்டுக்காரன்ரை கேர்ள் பிரண்டோ?" அவனுக்கு மறுமொழி சொல்லுறேல்லை. வயரைச் சொருகி ஒரு அடி அடிப்பன். பேந்து கேக்கமாட்டான்.

இங்கத்தையப் பிரெஞ்சுக்காரர் ஏன் பிரெஞ்சில எழுதேல்லை எண்டு கேப்பினம். எங்கடை ஆக்கள் ஏன் தமிழில எழுதேல்லை எண்டு கேப்பினம். எனக்குப் பாட்டு வாற பாஷையில வருது. அதுக்கு நான் ஆரிட்டையும் விசா எடுக்கத் தேவையில்லை.

முதல் றெக்கோட் வந்த நேரம் பின்னட்டையில, பாடல்கள் எண்டு போட்டுப் பாட்டுக்காரன்ரை பேர் மட்டும் இருந்தது. பத்துப் பாட்டில ஏழு என்ரை. அவன் கெட்டவனில்லை, ஆரோ அச்சடிக்கிறவை தாங்களா நினைச்சுப் போட்டதெண்டு சொன்னான். இருக்கலாம். பாட்டுக்காரனுக்குப் பின்னால நிக்கிற, மண்ணிறத் தோல் பெட்டை எழுதியிருப்பாள் எண்டு ஆருக்குத்தான் தோன்றும்? அண்டைக்கு இரவு வாசிக்கப் போன இடத்தில நான் வானை விட்டு இறங்கேல்லை. "பேரைத் திருத்துறம் எண்டு எழுதித் தாங்கோ, பேந்து மேடைக்கு வாறன்" எண்டு சொல்லிப்போட்டு இருந்தன். சனம் உள்ளுக்குக் கத்துது. கடைசியில றெக்கோட் போட்டவை எழுதித் தந்தினம். அடுத்த பதிப்பில என்ரை பேர் வந்தது.

அப்பிடி அந்நியரோட மல்லுக்கட்டி வாங்கின பேரை, என்ரை கூடப்பிறந்தவர் என்ரை கண்ணுக்கு முன்னால தனியார் நிறுவனம் ஆக்கிறார். எனக்கு ஏன் பத்திக்கொண்டு வராது?

அண்ணை ஒரு பெருமூச்சு விட்டுட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். அது வெறுமையாக் கிடந்தது. "சரி, உத்தியோகத்தைப் பேந்து பாப்பம். இந்தக் கண்ணீர்ப் பாட்டை நீதான் எழுதித் தரவேணும்."

எனக்கு முதல்ல விளங்கேல்லை. விளங்கினவுடன சிரிப்பு வந்தது, செத்த வீடெண்டும் பாக்காமல். "ஆர், நானோ? தனியார் நிறுவனத்தில வேலை செய்யிறவளோ?"

"விளையாடாதை. உனக்குத்தானே எழுத வரும்."

"ஓ, எழுத வருமோ? அதை உத்தியோகப் பக்கத்தில போடுங்கோ. போட்டால் கடைசிப் பக்கத்துக்குப் பாட்டு வரும். பாடலாசிரியர் இந்த வீட்டில இல்லையெண்டால் பாட்டும் இல்லை."

"அப்பான்ரை காரியத்திலயும் பேரம் பேசுறியே?"

"ஓம். பேசுறன்."

அண்ணைக்கு முகம் சிவந்து போச்சுது. "நீ எழுதாட்டி ஆளில்லை எண்டு நினைச்சியோ? வில்லரேயில இருக்கிற மாமா அனுப்பினது இருக்கு" எண்டு சொல்லிப் போனை எடுத்தார். அந்த மாமா ஒருவருக்கும் சொந்த மாமா இல்லை. இங்க செத்த எல்லாருக்கும் பாட்டெழுதினவர், அதால எல்லாரும் அவரை மாமா எண்டுதான் சொல்லுறது. அண்ணை குரலைச் செருமி வாசிச்சார்.

"சிரித்த முகமே, சீர்மிகு தீபமே, அன்பால் எமை அணைத்த ஆலமரமே..."

அம்மா வெங்காயத்தை வைச்சா. "இது ஆரடா மோனை?"

"அப்பா, அம்மா."

"கொப்பர் எப்பயடா சிரிச்சவர்?"

அண்ணை போனைக் கீழ வைச்சார்.

"கோயிலில கீபோட் அடிச்ச பிள்ளையின்ரை தாய் செத்த நேரமும் இதே ஆலமரம்தான் நிண்டது" எண்டு அம்மா சொன்னா. "அவ பாவம், நாலடி உயரம்." பேந்து என்னைப் பாத்தா. "நீ எழுது, பிள்ளை. நான் கேட்டிட்டுச் சொல்லுறன்."

"நான் உள்ளதைத்தான் எழுதுவன்."

"உள்ளதை எழுது."

சரி, உள்ளதெண்டால் உள்ளது, அச்சடிக்கேலாத மாதிரி எழுதித் தாறன் எண்டு எனக்குள்ள ஒரு மூர்க்கம். ஒரு கடித உறையின்ரை பின்பக்கத்தில எழுதினன். பத்து நிமிசம் எடுக்கேல்லை.

"அப்பா, நீங்கள் சிரிச்சு நான் கண்டதில்லை.
பனிக்குள்ள ரெண்டு பஸ் மாறி வேலைக்குப் போனீங்கள், ஒரு நாளும் பிந்தேல்லை.
என்ரை கிற்றாரின் கம்பியளைக் குறட்டால வெட்டினீங்கள்.
தடிச்ச கம்பி மட்டும் உங்களுக்கு வெட்டுப்படேல்லை.
அந்தக் கம்பியிலதான் நான் இண்டைக்கும் சாப்பிடுறன்."

இந்தக் குறட்டுக் கதையை இவ்வளவு நேரமும் நான் சொல்லேல்லை. சொல்ல எனக்கு விருப்பமில்லை. பதினாறு வயதில, பெடியளோட எங்கயோ ஒரு மண்டபத்தில வாசிச்சன் எண்டு கோயிலடியில ஆரோ அப்பாட்டைச் சொல்லிப்போட்டினம். நான் பள்ளிக்கூடத்தால வர, பேஸ் என்ரை கட்டிலில கிடந்தது. மூண்டு கம்பி வெட்டுப்பட்டுச் சுருண்டு போய்க் கிடந்தது. மிஞ்சினது எல்லாத்திலயும் தடிச்ச கம்பி ஒண்டுதான். புதுக்கம்பி வாங்க எனக்கு ஏழு மாசம் எடுத்தது. அந்த ஏழு மாசமும் ஒற்றைக் கம்பியில வாசிச்சன். என்ரை முதல் பாட்டு அந்த ஒரு கம்பியில எழுதினது. இண்டைக்கும் நாங்கள் அதை வாசிக்கிறம், சனம் சேர்ந்து பாடும். பேட்டி எடுக்க வந்தவைக்கெல்லாம் நெஞ்சை நிமித்திக்கொண்டு சொல்லியிருக்கிறன், என்ரை அப்பாவின்ரை குறடு தோத்துப்போன கம்பி எண்டு.

நான் வாசிச்சு முடிக்க அண்ணை சொன்னார், "இதைக் கோயிலில குடுக்கேலாது. கிழிச்சுப் போடு."

அம்மா சீலைத் தலைப்பில கையைத் துடைச்சா. "அதில ஒரு அடி பிழை."

"எது?"

"வெட்டுப்படேல்லை எண்டது. அந்தக் குறடு ஆணியையே வெட்டும், பிள்ளை. தடிச்ச கம்பிக்கு அவர் குறட்டை வைக்கேக்க நான் அவரின்ரை கையைப் பிடிச்சனான். அடிச்சவர். நான் விடேல்லை."

அண்ணை அம்மாவைப் பாத்த பார்வையில இருந்து அவருக்கும் இது தெரியாதெண்டு விளங்கிச்சுது. எனக்கு அழுகை வரேல்லை. கோவம்தான் வந்தது, அப்பாவில இல்லை, அம்மாவில. "முப்பது வருசமா ஏன் சொல்லேல்லை?" எண்டு கத்தினன்.

"சொன்னால் நீ அவரோட இன்னும் சண்டைக்குப் போவாய். அடி விழும். ஒரு வீட்டில ஒரு ஆள் வாங்கினால் காணும்."

"பேந்து ஏன் ஊருக்கெல்லாம் ஒபிஸ், ஒபிஸ் எண்டனீங்கள்?"

"பயத்தில." அம்மா அதை நேரம் கேட்டதுக்குச் சொன்ன மாதிரிச் சொன்னா. "அவர் காதில விழுந்தால் வீட்டில பூகம்பம். இப்ப நான் ஆருக்குப் பயப்பிட?"

பேந்து அண்ணையின்ரை பக்கம் திரும்பினா. "மோனை, கண்ணாடியைப் போடு. எழுது. இளைய மகள் பேஸ் கிற்றார் அடிக்கிறவள், பாட்டு எழுதுறவள்."

"அம்மா, ரொறொன்ரோ ஆக்கள்..."

"அவையும் வாசிக்கட்டும். எழுது."

அண்ணை எழுதினார். செந்தமிழில மாத்தித்தான் எழுதினார், அது அவரின்ரை பழக்கம். "பேஸ் கிற்றார் கலைஞரும் பாடலாசிரியரும் ஆவார்." நான் எழும்பி அவரின்ரை தோளுக்குப் பின்னால நிண்டு ஒவ்வொரு எழுத்தாப் பாத்தன். பேந்து உறையைத் திருப்பி எடுத்து என்ரை பாட்டில அந்த ஒரு அடியை வெட்டினன். "தடிச்ச கம்பியை அம்மா வெட்ட விடேல்லை" எண்டு எழுதினன். உறையை அண்ணையின்ரை கையில குடுத்தன்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிய, கோயில் மண்டபத்தில சாப்பாடு. எல்லாரின்ரை கையிலயும் மலர் இருந்தது. ஆக்கள் கடைசிப் பக்கத்தை வாசிச்சு என்னை நிமிந்து பாக்கிறதும் திரும்பக் குனியிறதுமா இருந்தினம். நானும் திருப்பிப் பாத்தன், கண்ணை எடுக்கேல்லை. அப்பான்ரை தங்கச்சி, ரொறொன்ரோ மாமி, மலரையும் கொண்டு நேரா அம்மாட்டை வந்தா. அவவின்ரை குரல் முழு மண்டபத்துக்கும் கேட்டது.

"இதென்ன மச்சாள் இது? என்ரை அண்ணையைப்பற்றி இப்பிடியெல்லாம் எழுதுறதே?"

அம்மா சோத்துக் கோப்பையைக் கீழ வைக்கேல்லை. "எல்லாம் எங்கை எழுதினது, மச்சாள்?" எண்டா. "அவள் பாட்டெழுதுறவள். சுருக்கித்தான் எழுதுவாள்."