வலை பார்த்து வாங்கியவர்

ராமநாதபுரம் கடையொன்றில் புதுக் கம்ப்யூட்டருக்குக் கேபினட் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பாம்பன் மீனவர் ஒருவர். கருத்த முகம், கழுத்தில் ஜெபமாலை. அவர் மகள் சொந்தமாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப்போகிறாளாம். கேபினட்டுகளின் கண்ணாடியும் வண்ண விளக்கும் என் கண்ணைப் பறித்தன. அவர் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"எங்க வீட்டுல உப்புக்காத்து. போட்டு எஞ்சினையே நல்ல தண்ணி ஊத்தித்தான் கழுவுவோம். இதையும் கழுவலாமா?" என்றார்.

கடைக்காரர் பதறிப்போனார். "அண்ணே, கரண்டு பொருள்ணே! முன்னாடி இருக்க இந்தத் தூசி வலையை மட்டும் கழத்திக் கழுவுங்க."

மீனவர் வலையைக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இது போதும்யா. கிழிஞ்சா நானே பொத்திக்கிருவேன்."

நானும் அதே மாதிரி கேபினட்டையே வாங்கினேன். கழுவும்போதெல்லாம் வலையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறேன். கிழிசல் இருந்தால் எனக்குப் பொத்தத் தெரியாது, ஆனாலும் பார்க்கிறேன்.