எல்வீரா தேர்ந்தெடுத்த கடற்கரை

ஆசிரியர் வேலை நிரந்தரமாகிறது என்ற கடிதம் வந்தபோது எல்வீராவுக்கு வயது நாற்பத்து மூன்று. அதற்கு முந்தைய பதினேழு வருடங்களும் அவளைப் போர்ச்சுகல் முழுக்கப் பந்து மாதிரி உருட்டிக்கொண்டிருந்தார்கள். வருடா வருடம் விருப்பமான ஊர்களை வரிசைப்படுத்தி விண்ணப்பம் போடுவாள். கோடை முடிகிற நேரத்தில் பட்டியல் வரும். அது எந்த ஊரைச் சொல்கிறதோ அந்த ஊருக்குப் பத்தே நாளில் மூட்டை கட்ட வேண்டும். தற்காலிக ஆசிரியர்கள் எல்லோருக்கும் இதே பாடுதான். மற்றவர்கள் கணவன் வேலை பார்க்கிற இடம், ரயில் வசதி, பிள்ளைகளின் படிப்பு என்று பார்த்து ஊர்களை வரிசைப்படுத்துவார்கள். எல்வீரா பார்த்தது அலைகளை மட்டும்.

இத்தனைக்கும் அவள் பிறந்தது குவார்டாவில். மலைமேல் இருக்கிற, குளிர்காலத்தில் பனி மூடுகிற ஊர். இருபத்தாறு வயதில் முதல் வேலை வடக்கே ஒரு கடற்கரை ஊரில் கிடைத்தது. அவள் குடிபோன அறையில் முன்பு இருந்த யாரோ ஒரு பழைய அலைச்சறுக்குப் பலகையை விட்டுப் போயிருந்தார்கள். அதைத் தூக்கிப் போடச் சொல்லி வீட்டுக்காரி நச்சரித்தாள். குப்பை வண்டி வருவதற்குள் ஒருமுறை தண்ணீரில் போட்டுத்தான் பார்ப்போமே என்று எல்வீரா எடுத்துப் போனாள். ஒரு மாதம் கடல் அவளைக் கரையில் துப்பிக்கொண்டே இருந்தது. ஐந்தாவது வாரம் பலகைமேல் எழுந்து நின்றாள். மூன்று விநாடி இருக்கும். அன்று மாலை அம்மாவுக்குப் போன் செய்து, தனக்கு வரன் எதுவும் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

நான் அவளைச் சந்தித்தது எவோராவில். கடலுக்கும் எங்கள் ஊருக்கும் சம்பந்தமே கிடையாது. நான் அங்கே சரித்திரம் எடுக்கிறேன்; அவள் கணக்கு எடுக்க வந்தாள். வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு கடலுக்குப் போவாள். திங்கட்கிழமை காலை அலையில் இறங்க அவள் போடுகிற முழுநீளக் கறுப்பு ரப்பர் உடுப்பு பள்ளி முற்றத்து ஆரஞ்சு மரத்தில் காயும். முதல் தடவை அதைப் பார்த்த தலைமையாசிரியர் யாரோ தூக்கு மாட்டிக்கொண்டதாக நினைத்து அலறிவிட்டார். அதிலிருந்து நாங்கள் சிநேகிதிகள்.

நிரந்தரக் கடிதத்தோடு ஒரு நிபந்தனையும் வந்தது. இந்த முறை எந்த ஊர் கிடைக்கிறதோ அதை லேசில் மாற்ற முடியாது. ஈஸ்டர் முடிந்து வரும் புதன்கிழமை மாலை ஆறு மணிக்குள் வரிசையை அனுப்ப வேண்டும்.

"ஒட்டீலியா, நீ என்கூட வர்ற," என்றாள். "ஒவ்வொரு ஊரா இறங்கிப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

"எனக்கு நீச்சலே தெரியாதுடி."

"அதுக்குத்தான் கூப்புடறேன். கடலப் பாத்தா எனக்குப் புத்தி மழுங்கிடும். கரையில உக்காந்து ஊரப் பாக்க ஒரு ஆள் வேணும்."

ஈஸ்டர் விடுமுறையில் அவளுடைய பழைய வேனில் கிளம்பினோம். பின்னால் மூன்று பலகைகள், இரண்டு மெத்தைகள், என்னுடைய காப்பிக் கெட்டில்.

முதலில் தெற்கு முனையில் இருக்கிற சாக்ரெஸ். அங்கே இரண்டு பக்கமும் கடல். ஒரு பக்கம் காற்று கெடுத்தால் மறுபக்கம் போய்க்கொள்ளலாம். எல்வீரா காலையில் ஒரு கரையிலும் சாயங்காலம் மறு கரையிலும் இறங்கிவிட்டு, உதடு நீலம் பாரித்து, ஆனந்தமாக வந்தாள். அம்மாவுக்குப் போன் போட்டாள். குவார்டாவிலிருந்து வந்த குரல் எனக்கே கேட்டது.

"சாக்ரெஸா? அதுக்கு அந்தப் பக்கம் நாடே இல்லையேடி! இன்னும் ரெண்டு அடி வச்சா ஆப்பிரிக்காவுல போய் விழுவ. எனக்கு ஒண்ணுன்னா நீ எப்ப வந்து சேருவ?"

எல்வீரா ஊர்ப் பெயர்களை எழுதி வைத்திருந்த தாளில் சாக்ரெஸுக்கு நேராக ஒரு கேள்விக்குறி போட்டாள்.

அடுத்தது எரிசெய்ரா. பதினேழு வருடமும் அவள் வரிசையில் முதலாவதாக எழுதியது அந்த ஊரைத்தான், ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை. வெள்ளைச் சுவர்களும் அவற்றில் நீலப் பட்டைகளுமாக ஊர் அழகாகத்தான் இருந்தது. அலையும் சொன்ன மாதிரியே இருந்தது, சுருட்டி விட்ட பாய் போல ஒழுங்காக. ஆனால் அலைக்கு நாற்பது பேர் காத்திருந்தார்கள். நான் மேட்டில் உட்கார்ந்து எண்ணினேன். ஒன்றரை மணி நேரத்தில் எல்வீராவுக்குக் கிடைத்தது இரண்டு அலை. அதில் ஒன்றில் யாரோ ஒருவன் குறுக்கே புகுந்துவிட்டான்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"நல்லா இருந்துச்சு." துண்டால் தலையை அழுத்தித் துடைத்தாள். "பேங்க்ல டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருந்த மாதிரி இருந்துச்சு."

மறுநாள் காலையும் இறங்கினாள். மூன்று அலை.

வியாழக்கிழமை பெனிச். அங்கே அலை கரைக்கு மிகப் பக்கத்தில் குழாய் மாதிரி உருண்டு விழுகிறது. எல்வீராவை அது நான்கு முறை தூக்கி மணலில் அறைந்தது. ஐந்தாவது முறை அவள் அந்தக் குழாய்க்குள்ளேயே போய் வெளியே வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். கரைக்கு வந்தவள் பல்லில் மணலோடு சிரித்தாள், கொஞ்சம் அழுதாள். "இதான்டி ஊரு. வா, வீடு பாப்போம்," என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் ஓர் அம்மாள் மாடி வீடு காட்டினார். ஜன்னலைத் திறந்தால் கடல்.

"செப்டம்பர்ல வந்துக்கலாம். ஜூன் பாதியில காலி பண்ணிடணும்," என்றார்.

"ஜூன்லயா? ஏன்?"

"அப்புறம் வெளிநாட்டுக்காரங்க வருவாங்க. ஒரு வாரத்துக்கே உன் மூணு மாச வாடகையக் குடுப்பாங்க."

"மறுபடி செப்டம்பர் வரைக்கும் நான் எங்கம்மா போறது?"

"எல்லா டீச்சரும் எங்கயோ போறாங்க. நீயும் அங்கயே போ."

இன்னும் நான்கு வீடு பார்த்தோம். எல்லா இடத்திலும் அதே ஜூன். எல்வீரா வேனைக் கிளப்பினாள். நிரந்தர வேலை கிடைத்தும் வருடத்துக்கு மூன்று மாதம் மூட்டையோடு அலைய வேண்டுமா என்ற கவலை அவள் முகத்தில் தெரிந்தது.

அங்கிருந்து வடக்கே எஸ்பின்யோவுக்குப் போவதாகத் திட்டம். வழியில் எனக்குப் பசித்தது. புவார்க்கோஸில் நிறுத்தச் சொன்னேன். அந்த ஊரும் எல்வீராவின் தாளில் இருந்தது, கீழே எங்கேயோ ஏழாவதாக. கடற்கரைச் சுவருக்கு எதிரே ஒரு கடையில் கீரை சூப் குடித்துவிட்டு வந்து சாவியைத் திருகினால் வேன் மூச்சே விடவில்லை.

சூப் கடைக்காரர் வண்டி பழுது பார்க்கிற பக்கத்துக் கொட்டகையைக் காட்டினார். அதன் கதவில் ஓர் அட்டை தொங்கியது: "தண்ணியில் இருக்கிறேன். அரை மணியில் வருவேன்." முக்கால் மணி கழித்து, சொட்டச் சொட்ட ஒரு பெண் பலகையோடு வந்து கதவைத் திறந்தாள். எல்வீரா வயதுதான் இருக்கும். பெயர் டியோலிண்டா. ரப்பர் உடுப்பை இடுப்புவரை உரித்துவிட்டு, மேலே கிரீஸ் படிந்த சட்டையை மாட்டிக்கொண்டு, எஞ்சினுக்குள் தலையை விட்டாள்.

"பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர் போயிடுச்சு. நாளைக்குப் பெரிய வெள்ளி, கடை கிடையாது. சாமான் வர்றதுக்கே திங்கட்கிழமை ஆயிடும்."

"எங்களுக்கு எஸ்பின்யோ போகணுமே," என்றாள் எல்வீரா.

"போய்?"

"அங்க அலை எப்படின்னு பாக்கணும்."

டியோலிண்டா தலையை வெளியே எடுத்து, எல்வீராவையும் பலகைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "இங்க இருக்கறது என்ன, குழம்பா?"

வேறு வழியில்லாமல் தங்கினோம். கொட்டகைக்கு மேலேயே ஓர் அறை காலியாக இருந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அலை இடுப்புக்குமேல் எழவில்லை. "சுமார்தான்," என்றாள் எல்வீரா, ஆனால் காலையும் மாலையும் இறங்கினாள். ஊருக்கு வடக்கே மலை இருந்ததால் மற்ற ஊர்களில் எங்களை வாட்டிய வடகாற்று இங்கே தலைக்கு மேலே போய்விட்டது. தண்ணீரில் ஏழெட்டுப் பேர்தான். மீன் விற்கிற ஒருத்தி, மருந்துக்கடைக்காரர், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். ஈஸ்டர் அன்று டியோலிண்டா முட்டை பதித்த ரொட்டி கொண்டுவந்தாள். அதைச் சுவர்மேல் உட்கார்ந்து தின்றோம்.

திங்கட்கிழமை வேன் என்ன ஆயிற்று என்று டியோலிண்டாவிடம் கேட்டேன். சாமான் வரவில்லை என்றாள். செவ்வாய் காலை விழித்தபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டிருந்தது.

கடல் ஆள் மாறியிருந்தது. வடக்கே மலை கடலுக்குள் நீட்டியிருந்த முனையிலிருந்து ஒவ்வொரு அலையும் சுவரை ஒட்டியே ஊரை நோக்கி ஓடி வந்தது, முடிவதாகவே தெரியவில்லை. எல்வீரா காப்பியைக் குடிக்காமலே ஓடினாள். முதல் அலையில் அவள் எழுந்தபோது நான் சுவருக்கு மேலே நின்றிருந்தேன். அவள் என்னைக் கடந்து போனாள். எனக்கு என்ன வந்ததோ, நானும் சுவரோரமாகக் கூடவே ஓட ஆரம்பித்தேன். ஐம்பத்தொரு வயது, கையில் காப்பிக் கோப்பை, காலில் வீட்டுச் செருப்பு. வழியில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். நீதிபதியின் மனைவி, "விடாதீங்க டீச்சர், விடாதீங்க!" என்று கத்தினார். அது எனக்கா எல்வீராவுக்கா என்று இன்றுவரை தெரியாது. சூப் கடை வரைக்கும் ஓடிவிட்டு நான் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் இன்னும் போய்க்கொண்டிருந்தாள்.

மத்தியானம் டியோலிண்டா சாவியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"வேன் ரெடி டீச்சர்."

"சாமான் எப்ப வந்துச்சு?"

டியோலிண்டா ஈரத் தலையைச் சொறிந்தாள். "சனிக்கிழமையே வந்துடுச்சு. செவ்வாய்க்கிழமை இப்படி அலை வரும்னு தெரியும். இதப் பாக்காம உங்கள அனுப்பினா எனக்குப் பாவம் புடிக்கும். வேணும்னா திட்டிக்கங்க."

எல்வீரா திட்டினாள், சிரிப்பை அடக்க முடியாமல்.

ஆனாலும் அன்றிரவு அவளால் முடிவெடுக்க முடியவில்லை. "பதினேழு வருஷம் எரிசெய்ராவ முதல்ல எழுதிட்டு, இப்பப் போய் மாத்தினா எப்படி?" என்று புலம்பினாள். "இன்னிக்கு மாதிரி அலை இங்க மாசத்துக்கு ரெண்டு நாள் வந்தாலே அதிகம்." நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். எனக்கு அலையைப் பற்றி என்ன தெரியும்?

புதன்கிழமை மழை. கடல் குட்டை மாதிரி கிடந்தது. காலை ஆறரை மணிக்கு எல்வீரா பலகையோடு கிளம்பிப் போனதைப் போர்வைக்குள்ளிருந்து பார்த்தேன். எட்டு மணிக்கு வந்தாள். மூக்கு சிவந்து, முகமெல்லாம் சிரிப்பு.

"அலையே இல்லையேடி," என்றேன்.

"இல்ல."

"அப்புறம் ஒன்றரை மணி நேரம் தண்ணியில என்ன பண்ணின?"

"பேசிட்டிருந்தோம். நீதிபதி ஒரு கோழித் திருடன் கேஸ் சொன்னாரு பாரு, சிரிச்சுச் சிரிச்சு ரெண்டு வாட்டி பலகையிலேருந்து விழுந்துட்டேன்." உடுப்பைக் கழற்றப் போனவள் அப்படியே நின்றாள். "ஒட்டீலியா, அலை இல்லாத நாள்ல நான் எந்த ஊர்லயும் இப்படிச் சிரிச்சுட்டு வந்ததில்ல."

உடுப்பைக்கூட மாற்றாமல் கீழே இறங்கி டியோலிண்டாவிடம் நேராகக் கேட்டாள். "மேல இருக்கற ரூம வாடகைக்குத் தருவியா? ஜூன்ல காலி பண்ணச் சொல்லுவியா?"

"ஜூன்ல எதுக்குப் போகணும்? அப்பத்தானே தண்ணி கொஞ்சம் சூடாகும்!"

கொட்டகைக் கணினியில், கிரீஸ் படிந்த விசைகளைத் தட்டி, புவார்க்கோஸ் பள்ளியை முதலிடத்தில் வைத்து அனுப்பினாள். எரிசெய்ரா இரண்டாவது. அம்மாவிடம் சொன்னபோது, "அது எங்க இருக்கு?" என்று கேட்டார். குவார்டாவிலிருந்து நேராக இரண்டரை மணி நேரச் சாலை என்றதும், "அப்ப சரி," என்றார்.

கோடையில் பட்டியல் வந்தது. முதல் விருப்பமே கிடைத்துவிட்டது. எல்வீரா எனக்குப் போன் செய்தாள். ஐந்து நிமிடம் இரண்டு பேரும் சந்தோஷத்தில் கத்திக்கொண்டிருந்தோம். அக்டோபரில் அம்மா இரண்டு கம்பளியும் ஒரு முழு ஆட்டுப்பால் சீஸும் சுமந்து பார்க்க வந்தார். நான்கு நாள் என்று வந்தவர் மூன்று வாரம் இருந்தார். தினமும் சுவர்மேல் உட்கார்ந்து, மகள் தண்ணீரில் விழும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவர்களிடம், "அது என் பொண்ணு இல்ல," என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. போன மே மாதம் புவார்க்கோஸில் ஒரு சிறு அலைச்சறுக்குப் போட்டி வைத்தார்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவில் கலந்துகொண்டது மொத்தம் மூன்று பேர். மீன்காரி முதலாவது, எல்வீரா இரண்டாவது. டியோலிண்டா மூன்றாவதாக வந்து, நடுவர்களுக்குக் கண் தெரியவில்லை என்று சாயங்காலம் வரை சண்டை போட்டாள். பரிசாகக் கிடைத்த ஒரு கூடை கணவாய் மீனை மீன்காரியே அங்கேயே சுத்தம் செய்து வறுத்தாள். நானும் எவோராவிலிருந்து போயிருந்தேன். தட்டு போதவில்லை, பலகையைக் கழுவி அதன்மேல் பரப்பி எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம்.